கேட்காத அனுமதி

அப்பாவின் வலது கன்னத்தை மழித்து முடித்துவிட்டு இடது கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தாள் ஹெஸ்டர். சில்லிட்டுப்போன தோல் கத்திக்கு இடம் கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் யாருக்கும் இடம் கொடுக்காத மனுஷன், செத்த பிறகு மட்டும் கொடுத்துவிடப் போகிறாரா என்று நினைத்தபடி தாடையை அழுத்திப் பிடித்தாள்.

"சவ மோட்டாருக்குச் சொல்லிட்டேன்," என்றான் கதவு நிலையில் சாய்ந்து நின்ற வில்ஃபிரட். அவளுடைய தம்பி. லீட்ஸிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தான். நகரத்துக் கோட்டை இன்னும் கழற்றவில்லை.

கத்தி நின்றது. "யாரைக் கேட்டுச் சொன்னே?"

"யாரைக் கேக்கணும்? எனக்கும் அவர் அப்பாதான்."

"அவரைக் கேட்டியா?"

"செத்தவர்கிட்ட எப்படிக் கேக்கறது, ஹெஸ்டர்?"

"உயிரோட இருந்தப்போ கேட்டிருக்கலாம். அம்மாவை அடக்கம் பண்ணிட்டுப் போனவன்தானே நீ? அப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்தியா?"

வில்ஃபிரட் தொப்பியைக் கையில் சுற்றினான். "மழை பெஞ்சு மலை பூராவும் சேறா இருக்கு. மோசஸ் கிழவருக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குது. யாரு தூக்குவா? பாதி மலையில பெட்டியைப் போட்டு நாமளும் விழுந்தா ஊரே சிரிக்கும்."

"அம்மாவுக்கும் இதையேதான் சொன்னே. அப்போ பனி. இப்போ சேறு."

ஹெஸ்டர் மறுபடி கத்தியை வைத்தாள். கத்தி வழுக்கித் தாடை ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. ரத்தம் வரவில்லை. வராமல் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மோட்டார் வந்தா நீ ஏறிப் போ," என்றாள். "அப்பா மலை வழியா வருவார். சீக்கிரம் போய்ச் சேந்தேன்னா பாதிரியார்கிட்ட சொல்லி வை, நாங்க வந்துட்டிருக்கோம்னு."

கெல்பெக்கில் மொத்தம் ஒன்பது வீடுகள். பின்னால் மேட்டு நிலம், முன்னால் ஓடை, இரண்டுக்கும் நடுவே அலமாரித் தட்டு மாதிரி ஒரு துண்டு பூமி. அதில் தேவாலயம் கிடையாது, கடை கிடையாது, கல்லறையும் கிடையாது. கல்லறைக்கு ஊரார் கேட்காமல் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். மண் ஆழமில்லை என்று ஹால்டர்பியிலிருந்து பாதிரியார்கள் சொல்லி அனுப்பினார்கள். உருளைக்கிழங்குக்கு இருந்த ஆழம் மனிதனுக்கு இல்லாமல் போயிற்று. ஆகவே கெல்பெக்கில் செத்த ஒவ்வொருவரும், வீட்டுக்கு ஒருவராக வந்த ஆறு பேர் தோளில் மலையேறி, மறுபக்கம் ஹால்டர்பியில் இறங்கித்தான் மண்ணுக்குள் போனார்கள். வழியில் நாலு இடங்களில் தட்டையான பெரிய கற்கள் கிடந்தன. பெட்டியை அவற்றின் மேல்தான் இறக்கலாம். வெறும் மண்ணில் வைத்துவிட்டால் அங்கேயே புதைத்த மாதிரி என்பது ஊர்க் கணக்கு.

இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரு நிலத்தின் வழியாகப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அந்த வழி என்றென்றைக்கும் எல்லாருக்கும் சொந்தம், எந்தப் பிரபு வந்தாலும் அடைக்க முடியாது. அப்படியொரு சட்டமே கிடையாது என்று எப்போதோ ஒரு வக்கீல் வந்து சொன்னாராம். பாவம், பாதியில் படிப்பை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது என்று அவருக்காக வருத்தப்பட்டார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலத்துக்காரன் 'போகலாம்' என்று சொல்லி அதன்பேரில் போனால் அது அவன் போட்ட பிச்சை. பிச்சையில் போன வழி பிச்சைக்காரனுக்குச் சொந்தமாகாது. அதனால் கெல்பெக்கில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. தூக்கினார்கள், போனார்கள்.

போர் முடிந்த கையோடு மேஜர் ஹெய்லிங் வந்து காட்டுக்கோழி வேட்டைக்காக மலையை வாங்கினார். ஊரில் மூன்று வீடுகளையும் சேர்த்து வாங்கினார். இரண்டைப் பூட்டி வைத்து, ஆகஸ்டில் துப்பாக்கியோடு வரும் நண்பர்களுக்குத் திறந்து விட்டார். மூன்றாவதில் பிர்கெட் என்ற வேட்டைக்காவலனைக் குடிவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா செத்தாள். பிப்ரவரி மாசம், இடுப்பளவு பனி. வில்ஃபிரட் மோட்டார் கொண்டுவந்தான். பள்ளத்தாக்கைச் சுற்றிப் போகும் தார் ரோட்டில் அம்மா கண்ணாடி வண்டிக்குள் போனாள். கெல்பெக்கிலிருந்து ரோட்டு வழியாகப் போன முதல் பிணம் அவள்தான். பனி உருகியதும் மலைமேல் அந்த வழி கல் சுவரைக் கடக்கும் இடைவெளியில் புதிதாக ஒரு கதவு முளைத்தது, பூட்டோடு. அப்பா நியாயம் கேட்கப் போனபோது மேஜர் சிரித்தாராம். "அந்த வழியை இப்ப யாரு பயன்படுத்தறா? உங்க வீட்டம்மாவே ரோட்டுலதானே போனாங்க?"

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். வெயிலோ மழையோ, அந்தக் கதவுக்குப் பக்கத்தில் சுவரேறிக் குதித்து ஹால்டர்பிக்குப் போய்த் திரும்பி வருவார். தேவாலயத்துக்குள் நுழைவதுகூட இல்லை. வழி நடக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். மூச்சு வாங்கும், இருமுவார், ஹெஸ்டர் கத்துவாள், அவர் பூட்ஸை மாட்டிக்கொள்வார். போன ஞாயிறு கொட்டும் மழையில் போனார். திங்கள் காய்ச்சல். புதன்கிழமை செத்தார்.

சாவதற்கு முன்னால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அந்த வழியா. யார்கிட்டயும் கேக்காதே. கேட்டா எல்லாம் போச்சு."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, ஈர மேல்சட்டைகளைக் கணப்பு முன்னால் காயவைத்தவளுக்கு வேறொரு சொல் இல்லை. கடைசி மூச்சையும் கதவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஹெஸ்டருக்குத் தெரியவில்லை. சவரக் கிண்ணத்தைக் கழுவும்போது அது கை தவறி விழவில்லை, எறிந்த மாதிரி கல் தரையில் போய் உடைந்தது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பெட்டியைச் செய்த மோசஸ் கிழவர் முதலில் வந்தார். டிக்கன் வந்தான், ஓடைப்பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆண் துணை இல்லாத ஆக்னஸ் தன் வீட்டின் பெயருக்குத் தானே கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சவ மோட்டாரும் வந்தது. வில்ஃபிரட் வெளியே போய் ஓட்டுநரிடம் ஏதோ பேசினான். மோட்டார் திரும்பிப் போனது. உள்ளே வந்தவன் நகரத்துக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அப்பாவின் பழைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஹெஸ்டர் அவனைப் பார்க்கவில்லை.

"ஆம்பளைங்க அஞ்சு பேர்தான் இருக்கோம்," என்றான் டிக்கன்.

"ஆறு," என்று வாசலில் குரல் கேட்டது. பிர்கெட் நின்றிருந்தான். வேட்டைக்காவலன் உடுப்பில்லாமல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்.

ஹெஸ்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீ எதுக்கு வந்தே?"

"மேல் வீட்டுத் தோளு."

"அது மேஜரோட வீடு."

"படுத்துத் தூங்கறது நான்தானே."

"கதவுக்குப் பூட்டுப் போட்டது யாரு?"

"நான்தான். போடச் சொன்னாங்க, போட்டேன்."

"அப்பா சுவரேறிக் குதிச்சதைப் பாத்திருக்கியா?"

"ஒவ்வொரு வாரமும். திரும்பி நின்னுக்குவேன். பாத்தா மேஜர்கிட்ட சொல்லணும்."

"திரும்பி நின்ன நேரத்துக்கு ஒரு கை குடுத்து இறக்கி விட்டிருக்கலாம். மாரு நோவோட ஒரு கிழவன் கல்லு மேல ஏறறதை முதுகால பாத்துட்டு நின்னேன்னு சொல்ல வெக்கமா இல்ல? வெளிய போ."

பிர்கெட் நகரவில்லை. மோசஸ் குறுக்கே வந்தார்.

"ஹெஸ்டர், வீட்டுக்கு ஒரு தோளுன்னா வீட்டுக்கு ஒரு தோளுதான். வந்ததைத் திருப்பியனுப்ப உனக்கு அதிகாரம் இல்லம்மா. எங்க அண்ணன் செத்தப்போ உங்கப்பனுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. ஆனாலும் வந்து தூக்கினான். பாதி வழியில அண்ணன் கனக்கறான்னு முனகினான். அதைக்கூட என்கிட்ட சொல்லல, பக்கத்துல மேஞ்சிட்டிருந்த ஆட்டுக்கிட்ட சொன்னான்."

டிக்கன் சிரிப்பை அடக்க இருமினான். ஹெஸ்டர் வழி விட்டாள். மன்னித்ததனால் இல்லை. ஐந்து பேரால் முடியாது.

முன்னால் இடது பக்கம் வில்ஃபிரட், வலது பக்கம் டிக்கன். நடுவில் ஓடைப்பக்கத்து ஆட்கள். பின்னால் மோசஸும் பிர்கெட்டும். ஹெஸ்டரும் ஆக்னஸும் பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தார்கள். முதல் கல்லில் இறக்கினார்கள், மூச்சு வாங்கினார்கள், தூக்கினார்கள். இரண்டாவது கல்லிலும் அப்படியே. அதற்கு மேல் காய்ந்த புதரும் கறுப்புச் சேறும். வில்ஃபிரட்டின் லீட்ஸ் ஷூ ஒன்று சேற்றில் சிக்கிக் கழன்றுவிட்டது. ஆக்னஸ் அதைப் பிடுங்கி எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் ஒற்றைக் காலுறையோடு நடந்தான்.

கதவுப் பூட்டை அறுக்க மோசஸின் சட்டைக்குள் ஒரு ரம்பம் இருந்தது எல்லாருக்கும் தெரியும்.

மேடு திரும்பியதும் கதவு தெரிந்தது. ரம்பத்துக்கு வேலை இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் மேஜர் ஹெய்லிங் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றிருந்தார். கதவுத் தூணில் புதுப் பலகை, புது ஆணிகள். 'காலஞ்சென்றவரின் இறுதிப் பயணத்துக்காக உரிமையாளர் இன்று ஒரு நாள் அனுமதி அளித்துள்ளார்.'

ஹெஸ்டர் நின்றாள். அவள் நின்றதால் பெட்டியும் நின்றது.

"உங்க துக்கத்துல நானும் கலந்துக்கறேன், மிஸ்," என்றார் மேஜர். குரலில் மரியாதை இருந்தது. "பழசெல்லாம் மறந்துடுவோம். தாராளமாப் போங்க. நான் அனுமதி குடுத்துட்டேன்."

"நான் கேக்கலையே."

"கேக்கணும்னு அவசியமில்ல. நானாத்தான் குடுக்கறேன்."

"அதைத்தான் சொல்றேன். நான் கேக்கல."

பெட்டி ஆடியது. டிக்கன் தோளை மாற்றிக்கொண்டான். அடுத்த கல் கதவுக்கு அந்தப் பக்கம், சரிவில் இருந்தது. இங்கே இறக்க இடமில்லை.

"ஹெஸ்டர்," என்றான் நடுவில் தூக்கி நின்றவர்களில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னவோ செய், சீக்கிரம் செய்."

"கதவை மூடுங்க," என்றாள் அவள் மேஜரிடம்.

"என்னது?"

"மூடிப் பூட்டுங்க. பலகையைக் கழட்டுங்க. எப்பவும் இருக்கற மாதிரி ஆக்குங்க. நாங்க பாத்துக்கறோம்."

மேஜரின் முகம் மாறியது. தொப்பியைத் தலையில் வைத்தார். "நல்ல மனசோட திறந்து விட்டா இப்படியா? பிணத்தைத் தூக்கிட்டுப் போனா வழி உரிமையாகும்ங்கறது சுத்த மூடநம்பிக்கை. என் வக்கீல்கிட்ட விசாரிச்சுட்டேன். அப்படி ஒரு சட்டமே இந்த நாட்டுல இல்ல."

"இல்லேன்னா எதுக்கு விடியறதுக்குள்ள வந்து பலகை அடிச்சீங்க?"

மேஜர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். காற்று பெட்டி மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது.

"ஏன் அடிச்சீங்க, மேஜர்?" அவள் குரல் உடைந்து உயர்ந்தது. "எங்கப்பா ஒவ்வொரு வாரமும் இங்க வந்தாரே, அப்போ எங்க போச்சு இந்த நல்ல மனசு? மழையில நனைஞ்சுட்டு இந்தக் கல்லு மேல ஏறினாரே, அப்போ எந்த அனுமதி இருந்துச்சு? உயிரோட இருந்தவருக்குப் பூட்டு, செத்தவருக்குப் பலகையா? இன்னைக்கு இந்தக் கதவு வழியா ஒரு அடி வெச்சேன்னா அவர் நடந்ததெல்லாம் உங்க தயவுல நடந்ததா ஆயிடும்."

"பிர்கெட்," என்றார் மேஜர் அவளைத் தாண்டிப் பார்த்து. "நீ இங்க வா. அங்க உனக்கென்ன வேலை?"

பிர்கெட் பெட்டிக்கு அடியிலிருந்து தலையைச் சாய்த்தபடி பேசினான். "தோள்ல சுமை இருக்குங்க."

"இறக்கி வெச்சுட்டு வா."

"இங்க இறக்கக் கூடாதுங்க."

"வீட்டைக் காலி பண்ண வேண்டி வரும், தெரியும்ல?"

"தெரியுங்க. ஹால்டர்பிக்குப் போயிட்டு வந்து பண்ணிடறேன்."

ஹெஸ்டர் முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஹெஸ்டர்," என்றான் வில்ஃபிரட். பெட்டியின் விளிம்பு அவன் காதை அழுத்திக்கொண்டிருந்தது. போயிடலாம், கதவுதான் திறந்திருக்கிறதே என்று சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள். சொன்னால் என்ன சொல்லித் திட்டுவது என்றுகூட வாயில் தயாராக இருந்தது.

"அவர் எந்த இடத்துல ஏறுவார்?" என்று கேட்டான்.

அவள் கை காட்டினாள். கதவிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுவரின் மேல்வரிசைக் கற்கள் இரண்டு சரிந்து கிடந்தன. அந்த இடத்தில் மட்டும் பாசி இல்லை.

வில்ஃபிரட் காலைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தான். முன்னால் நிற்பவன் திரும்பினால் மற்றவர்களும் திரும்பித்தான் ஆக வேண்டும். திறந்து கிடந்த கதவை விட்டு விலகி, சுவரோரமாக, முழங்கால் புதையும் கோரைக்குள் பெட்டி போனது. அவன் காலுறை சேற்றில் உறிஞ்சப்பட்டு ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது.

சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர், நெஞ்சு உயரம். டிக்கனும் நடுவில் இருந்தவர்களும் முதலில் அந்தப் பக்கம் போக வேண்டும். அவர்கள் விட்ட இடத்தில் ஹெஸ்டர் தோளைக் கொடுத்தாள். பெட்டியின் எதிர்ப்பக்கம் ஆக்னஸ் கைப்பையைப் பல்லில் கவ்விக்கொண்டு கொடுத்தாள். கெல்பெக்கில் பெண்கள் தூக்குவது கிடையாது. மோசஸ் தடுக்கவில்லை. கனம் ஹெஸ்டரின் தோள் எலும்பில் இறங்கியது. இந்த மனுஷன் இத்தனை கனமா என்று திகைத்தாள். கடைசி நாட்களில் ஒரு கையால் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள்.

"ஏத்து," என்றார் மோசஸ்.

ஏற்றினார்கள். பெட்டியின் முனை சுவர் மேல் உட்கார்ந்தது. கல்லோடு மரம் உரசும் சத்தம் பல்லைக் கூசச் செய்தது. அந்தப் பக்கத்தவர்கள் இழுத்தார்கள், இந்தப் பக்கத்தவர்கள் தள்ளினார்கள். ஒரு கணம் பெட்டி சுவருக்கு நடுவே, இரண்டு பக்கமும் இல்லாமல் தொங்கியது. அப்போது உள்ளே அப்பா நகர்ந்தார். மெத்தென்ற ஒரு சத்தம். இடது பக்கமாகச் சரிந்து பலகையில் முட்டியது எல்லாருக்கும் கேட்டது. ஹெஸ்டர் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளினாள்.

"இது காட்டுமிராண்டித்தனம்," என்றார் மேஜர் தூரத்திலிருந்து. "கதவு திறந்திருக்கு! கண்ணு தெரியலையா? கதவு திறந்துதான் இருக்கு!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லொன்று உருண்டு விழுந்தது. பெட்டி அந்தப் பக்கம் இறங்கித் தோள்களில் நின்றது. மோசஸை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். "என்னையும் சேத்தே தூக்கிட்டுப் போயிருங்கடா, இன்னொரு தடவை அலைய வேண்டாம்," என்றார் அவர். கடைசியாக ஏறிய பிர்கெட் சுவர் மேலிருந்தபடியே, விழுந்த கல்லை எட்டி எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் குதித்தான்.

சரிவில் மூன்றாவது கல் கிடந்தது. அதில் பெட்டியை வைத்தார்கள். ஆண்கள் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள். ஆக்னஸ் கைப்பையிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தாள். வில்ஃபிரட் அதைப் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்திருந்தான். பெட்டியின் அடிவிளிம்பில் வெள்ளையாக நீளக் கீறல்கள் விழுந்திருந்தன.

"உள்ள சாஞ்சுட்டார்," என்றான் மெதுவாக. "திறந்து சரி பண்ணலாமா?"

"வேண்டாம்."

கீழே ஹால்டர்பி தேவாலயத்தின் கோபுரம் தெரிந்தது. மணி அடிக்கத் தொடங்கியது. மோசஸ் தலையசைத்தார், தூக்கினார்கள்.

ஹெஸ்டர் முன்னால் போகவில்லை, பின்தங்கவும் இல்லை. அவர் சாய்ந்து கிடந்த பக்கத்தில் நடந்தாள். உள்ளங்கையை விரித்து அந்தப் பலகையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். சரிவு முழுக்க, கல்லில் தடுக்கியபோதும், ஓடையில் கால் நனைந்தபோதும், அதை எடுக்கவில்லை.